பழைய ஆசிரியர் ஏன் திரும்பி வருகிறார்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஆசிரியர் பயிற்சி பற்றிய தங்கள் கட்டுரையில், பயிற்சி முடிந்த மறுநாளே வகுப்பறைக்குள் பழைய ஆசிரியர் திரும்பி வந்துவிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். பதினோரு ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கும் எனக்கு அந்த வரி சுட்டது. பொய்யென்று தள்ளவும் முடியவில்லை. கல்லூரியில் கற்ற கற்பித்தல் முறைகளில் பாதியை முதல் ஆண்டிலேயே கைவிட்டேன். பிறகு கலந்துகொண்ட பணியிடைப் பயிற்சிகளில் நினைவில் நிற்பவை மிகச் சில. அப்படியானால் நல்லாசிரியர் பிறவியிலேயே அமைகிறவர்தானா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன? அடுத்த மாதம் மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கிறது. எந்த மனநிலையில் போவது?

ஒரு கணித ஆசிரியை
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த வரியை நான் அவசரமாக எழுதிவிட்டேன். பழைய ஆசிரியர் திரும்பி வருகிறார் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. அவர் யார், ஏன் வருகிறார் என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் பிழை.

சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975இல் இதற்கு ஒரு விடை தந்தார். பள்ளிப்படிப்பை முடிக்கும் ஒருவர் அதற்குள் ஏறக்குறைய 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார் என்று அவர் கணக்கிட்டார். மருத்துவமோ சட்டமோ படிக்க வருபவருக்கு இத்தகைய நீண்ட முன்பழக்கம் கிடையாது. ஆனால் அந்த மாணவர் பார்த்ததெல்லாம் ஆசிரியர் வெளியே செய்தவற்றை மட்டுமே. இந்தக் கணக்கை ஏன் இரண்டாவதாக வைத்தார், அந்த மாணவனின் தவறான விடையை ஏன் உடனே திருத்தாமல் விட்டார் என்ற யோசனைகள் எதுவும் முன்வரிசை மாணவனுக்குக்கூடத் தெரிவதில்லை. ஆகவே, பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், வகுப்பு கையைவிட்டு நழுவும் தருணத்தில், ஓரிரு ஆண்டுகள் படித்த கல்லூரிப் பாடம் பின்வாங்கி, பன்னிரண்டு ஆண்டுகள் கேட்ட குரல் நம் வாயிலிருந்து புறப்படுகிறது. நீங்கள் கைவிட்டதாகச் சொல்லும் அந்தப் பாதி உங்களுடைய சோம்பலால் போனதென்று நான் நினைக்கவில்லை.

இனி ஆய்வுகள். பணியிடைப் பயிற்சியின் பயனை அளந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் ஏராளம், நம்பத்தக்கவை சொற்பம். 2007இல் யூன் என்ற ஆய்வாளரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1,300க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்தபோது, காரண விளைவைச் சொல்லும் தகுதி உடையவை என்று 9 மட்டுமே எஞ்சின. அந்த ஒன்பதில், 14 மணி நேரத்துக்குக் குறைவாக நடந்த பயிற்சிகள் மாணவர் கற்றலில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காட்டவில்லை. இதைப் படித்தவுடன் நாள்களைக் கூட்டினால் போதும் என்று நினைக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2016இல் அமெரிக்காவில் நான்காம் வகுப்புக் கணித ஆசிரியர்களுக்கு 93 மணி நேரப் பயிற்சி அளித்து, அதைச் சமவாய்ப்பு முறையில், அதாவது யாருக்குப் பயிற்சி என்பதைக் குலுக்கல்போலத் தீர்மானித்து, சோதித்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. ஆசிரியர்களின் பாட அறிவு கூடியது, கற்பித்தலின் சில கூறுகளும் மேம்பட்டன, ஆனால் மாணவர்களின் மதிப்பெண் உயரவில்லை. அறிவு ஏறுவதற்கும் அது வகுப்பறையில் வேலை செய்யும் பழக்கமாக மாறுவதற்கும் இடையே ஒரு தொலைவு இருக்கிறது. அதை மணிக்கணக்கைக் கூட்டி மட்டும் கடந்துவிட முடியாது.

பாட அறிவே தேவையில்லை என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. நீங்கள் கணித ஆசிரியை என்பதால் கணிதக் கல்வி ஆய்வாளர் லிப்பிங் மா அமெரிக்க, சீன ஆசிரியர்களை ஒப்பிட்டு 1999இல் வெளியிட்ட ஆய்வைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒன்றே முக்காலை அரையால் வகுக்கும்படியும், அந்த வகுத்தலை விளக்கும் கதைக்கணக்கு ஒன்றை உருவாக்கும்படியும் தொடக்கநிலை ஆசிரியர்களிடம் அவர் கேட்டார். அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரில் பாதிக்கும் குறைவானவர்களே சரியான விடைக்கு வந்தார்கள். கதைக்கணக்கிலோ, அரையால் வகுப்பதை இரண்டு பேருக்குப் பங்கிடுவதோடு குழப்பிக்கொண்டவர்கள் பலர். சீன ஆசிரியர்கள் 72 பேரும் சரியாகக் கணக்கிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு, ஒன்றே முக்கால் மீட்டர் நாடாவில் எத்தனை அரை மீட்டர் துண்டுகள் இருக்கின்றன என்பது போன்ற பொருத்தமான கதையும் வந்தது. என்னை வியக்கவைத்தது அடுத்த செய்திதான். படித்த ஆண்டுகளை எண்ணினால் சீன ஆசிரியர்கள் பின்தங்கியவர்கள். ஒன்பது ஆண்டுப் பள்ளிப்படிப்புக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆசிரியர் பயிற்சி, அவ்வளவே. அவர்களுடைய ஆழமான அறிவு பெரிதும் பணியில் சேர்ந்த பிறகு, பாடநூலை வரிவரியாக ஆராய்ந்தும், உடன் பணிபுரியும் ஆசிரியர்களோடு ஒரே கணக்கைப் பலவாறு போட்டுப் பார்த்தும் சேர்ந்தது என்று லிப்பிங் மா காட்டினார். அவர்களுக்குப் பயிற்சிக் கூடமாக இருந்தது அவர்களுடைய பள்ளியே.

ஜப்பானியப் பள்ளிகளில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் பாட ஆய்வும் இந்த வகையைச் சேர்ந்ததே. சில ஆசிரியர்கள் கூடி, மாணவர்கள் இடறும் ஓரிடத்தைத் தேர்ந்து, அதற்கான பாடக்குறிப்பை வாரக்கணக்கில் எழுதித் திருத்துகிறார்கள். ஒருவர் அதை நடத்த, மற்றவர்கள் வகுப்பில் நின்று கவனிக்கிறார்கள். அவர்களின் கண் ஆசிரியரைவிட மாணவர்கள் மீதே இருக்கும். எந்த மாணவி எந்த வரியில் பேனாவை நிறுத்தினாள், யார் அழித்துவிட்டு மறுபடி எழுதினார் என்பதெல்லாம் குறிப்பேட்டில் ஏறும். பின்னர் நடக்கும் உரையாடலில், பாடம் எல்லோரும் சேர்ந்து வகுத்தது என்பதால், தோல்வியை நடத்தியவர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. மதிப்பெண் படிவத்தோடு வகுப்பின் பின்வரிசையில் வந்து அமரும் மேலதிகாரியின் வருகைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வருகையின்போது நாம் எல்லோரும் நடிக்கத்தானே செய்கிறோம்.

வழிகாட்டி ஒருவர் வகுப்புக்கே வந்து பார்த்து, திரும்பத் திரும்பப் பேசி உதவும் முறைக்கும் நல்ல சான்று உண்டு. கிராஃப்ட், பிளேசர், ஹோகன் ஆகிய ஆய்வாளர்கள் 2018இல் 60 ஆய்வுகளைத் தொகுத்தபோது, கற்பித்தல் கணிசமாகவும் மாணவர் கற்றல் ஓரளவும் உயர்ந்திருந்தன. ஆனால் நூறு ஆசிரியர்களுக்கு மேல் பங்கேற்ற திட்டங்களில் இந்தப் பயன் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது. கைத்திறன் மிக்க சில வழிகாட்டிகளிடம் நன்றாக நடந்த ஒன்று, சுற்றறிக்கையாக மாறியதும் இளைத்துவிடுகிறது. ஒரு முறையின் பெயரைக் கேட்டவுடனே அதை எல்லாப் பள்ளிகளிலும் பரப்பத் துடிப்பவர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது.

நல்லாசிரியர் பிறவியிலேயே அமைகிறவரா என்ற கேள்விக்கு என் விடை, இல்லை என்பது. அதே கிராஃப்டும் பாப்பே என்ற ஆய்வாளரும் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆதரவான பணிச்சூழல் கொண்ட பள்ளிகளில் பணிபுரிந்த ஆசிரியர்கள், அத்தகைய சூழல் குறைந்த பள்ளிகளின் ஆசிரியர்களைவிடப் பத்தாண்டுகளில் சராசரியாக 38 சதவீதம் அதிகமாக முன்னேறினார்கள். முன்னேற்றம் ஆசிரியரின் இயல்பை மட்டும் பொறுத்ததாக இருந்தால், பள்ளியின் சூழலோடு இப்படிச் சேர்ந்து ஏறி இறங்க வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் பயிற்சிகள் பற்றி இருக்கிறது, உங்களைப் பற்றி இருக்கிறது; உடன் பணிபுரியும் ஒருவர்கூட இல்லை. இந்தப் பதினோரு ஆண்டுகளில் மதிப்பிடும் நோக்கமில்லாமல் உங்கள் வகுப்பை யாராவது முழுமையாகப் பார்த்திருக்கிறார்களா?

மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வாருங்கள். கருத்தாளர் சொல்வது அனைத்தையும் எழுதிக்கொள்ள வேண்டாம். உங்கள் வகுப்பில் உண்மையில் இடறும் ஒன்றுக்கு அங்கே ஏதேனும் கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் இதைச் செய்யலாம். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு நொடியே காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அளந்து காட்டினார். அதை மூன்று நொடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். உங்களுக்கு நம்பிக்கையான ஓர் ஆசிரியரை ஒரு பாடவேளைக்குப் பின்வரிசையில் அமரச் சொல்லி, ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் நீங்கள் எத்தனை நொடி காத்திருந்தீர்கள் என்பதை மட்டும் குறித்துத் தரக் கேளுங்கள். அடுத்த வாரம் அவருடைய வகுப்பில் நீங்கள் அமருங்கள். அந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள்.