மரபணு மாற்றிய பயிர்கள்: அரிசி முதல் சோயா வரை வாசகர் கேள்விகள்

தேக்காவில் வாங்கும் பொன்னி, பாஸ்மதி எல்லாமே இப்போது மரபணு மாற்றியவை என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? (ஈசூன் வாசகி)

உண்மையில்லை. பொன்னி, பாஸ்மதி எதிலும் வேற்று மரபணு செருகப்படவில்லை; ரகத்தோடு ரகம் கலந்து உருவாக்கியவைதான். பொன்னிக்கு மூலமான மசூரி 1960-களில் மலேசியாவில் பிறந்த ரகம். இங்கே சிங்கப்பூரில் உருவான டெமாசெக் அரிசியும் அப்படியே: மரபணு அடையாளங்களைப் பார்த்து நல்ல நாற்றுகளைத் தேர்ந்தெடுத்தார்கள், புதிதாக எதையும் செருகவில்லை.

2025 மே மாதம் இந்தியா அறிவித்த 'கமலா', 'பூசா டிஎஸ்டி ரைஸ் 1' ரகங்களே இந்தக் குழப்பத்துக்குக் காரணமாக இருக்கலாம். அவற்றில் நடந்தது மரபணுத் திருத்தம். நெல்லின் சொந்த மரபணுவில் சிறிய மாற்றம் செய்திருக்கிறார்கள். வெளி மரபணு எதுவும் அதில் இல்லை. துவரை, உளுந்து பற்றியும் கவலை வேண்டாம்.

அப்படியானால் எந்தப் பொருளில்தான் இருக்கும்? லேபிளில் தெரியுமா? (தெம்பனிஸ்)

சோயா, மக்காச்சோளம், கனோலா, பருத்திவிதை. இந்த நான்கையும் நினைவில் வையுங்கள். அமெரிக்காவில் விளையும் சோயாவிலும் மக்காச்சோளத்திலும் 90 விழுக்காட்டுக்கு மேல் மரபணு மாற்றியவை. பொட்டலத்தின் பின்பக்கம் சோள மாவு, மால்டோடெக்ஸ்ட்ரின், சோயா லெசிதின், கனோலா எண்ணெய் என்று இருந்தால் அந்த வழியாக வந்திருக்க வாய்ப்புண்டு. சுத்திகரித்த எண்ணெயில் புரதமும் டிஎன்ஏவும் அநேகமாக மிஞ்சுவதில்லை என்பதால், எண்ணெயைச் சோதித்துக் கண்டுபிடிப்பது கடினம்.

சிங்கப்பூரில் 'மரபணு மாற்றியது' என்று லேபிளில் அச்சிடும் கட்டாயம் இல்லை. விற்பனைக்கு வருமுன் சிங்கப்பூர் உணவு அமைப்பு பாதுகாப்பை மதிப்பிட்டு அனுமதிக்கிறது. அந்த மதிப்பீட்டை நான் மதிக்கிறேன். ஆனாலும் வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து. தவிர்க்க நினைப்பவர்கள் 'நான்-ஜிஎம்ஓ' (மரபணு மாற்றாதது) அல்லது 'ஆர்கானிக்' முத்திரையைத் தேடலாம்; சில டௌஹு (டோஃபு) பொட்டலங்களிலும் அது உண்டு. பழத்தின் மேல் ஒட்டிய எண் 8-இல் தொடங்கினால் மரபணு மாற்றியது என்ற செய்தியை நம்பாதீர்கள். கடைகளில் அந்த எண் ஒருபோதும் அப்படிப் பயன்பட்டதில்லை.

பிடி சோளத்தைத் தின்ற புழு செத்துப்போகிறது. நமக்கு மட்டும் ஒன்றும் ஆகாதா? (சுவா சூ காங்)

நியாயமான கேள்வி. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் 'கிரை' புரதத்தைச் செடியே தயாரிக்கும்படி செய்வதுதான் பிடி. புழுவின் குடல் காரத்தன்மை உடையது. அங்கே கரையும் புரதம், குடல் சுவரில் அதற்கென இருக்கும் ஏற்பிகளில் ஒட்டி ஓட்டை போடுகிறது. நம் இரைப்பையில் இருப்பது அமிலம்; அந்த ஏற்பிகளும் நமக்கில்லை. புரதம் மற்ற புரதங்களைப் போலச் செரித்துப்போகும். இயற்கை விவசாயிகளும் இதே பாக்டீரியாவைத்தான் மருந்தாகத் தெளிக்கிறார்கள்.

ஒரு நன்மை பலருக்குத் தெரியாது. தண்டுப்புழு துளைத்த கதிரில் பியூசேரியம் பூஞ்சை ஏறி, பியூமோனிசின் என்ற நச்சை உண்டாக்கும். துளை குறைந்தால் நச்சும் குறைகிறது. மக்காச்சோளமே அன்றாட உணவாக உள்ள நாடுகளுக்கு இது பெரிய விஷயம்.

ஆபத்து இருப்பது வயலில். எல்லாச் செடியும் பிடி என்றால், தாக்குப்பிடிக்கும் பூச்சிகள் மட்டும் பிழைத்து ஒன்றோடொன்று இணைந்து பெருகும். அதனால்தான் இந்தியப் பருத்தி வயல்களில் பிடி அல்லாத செடிகளை 20 விழுக்காடு பரப்பிலோ, சுற்றிலும் ஐந்து வரிசையிலோ நடச் சொன்னார்கள். எதிர்ப்பில்லாத பூச்சிகள் அங்கே வளர்ந்து மற்றவற்றோடு கலந்தால் எதிர்ப்புத்தன்மை நீர்த்துப்போகும். பெரும்பாலோர் நடவில்லை. 2002-இல் வந்த பிடி பருத்தியின் முதல் புரதத்தை 2010-க்குள் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு வென்றுவிட்டது. நுட்பத்தைத் தந்துவிட்டு, அதைக் காக்கும் நடைமுறையை விவசாயியின் தலையில் மட்டும் சுமத்தியது தவறு.

களைக்கொல்லி தாங்கும் சோயாவில் மருந்து எச்சம் இருக்குமே? (உட்லண்ட்ஸ்)

இருக்கலாம், மிகக் குறைந்த அளவில். அந்தச் சோயாவில் அடிக்கும் முக்கியக் களைக்கொல்லி கிளைபோசேட். அதை 2015-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. உணவு வழியாக அந்த ஆபத்து இருக்க வாய்ப்பில்லை என்று 2016-இல் அதே உலகச் சுகாதார நிறுவனமும் ஐநா உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும், மருந்து எச்சங்களுக்கான கூட்டு நிபுணர் குழு சொன்னது. இரண்டும் முரண் அல்ல. முதலாவது, பொருளுக்கு அந்தத் தன்மை உண்டா என்று பார்த்தது. இரண்டாவது, நாம் உட்கொள்ளும் அளவில் என்ன ஆகும் என்று பார்த்தது. அதிக அளவுக்கு ஆளாகிறவர் மருந்து அடிக்கும் தொழிலாளி. அவரைப் பற்றித்தான் நாம் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும்.

மகனுக்குச் சோயா ஒவ்வாமை. மரபணு மாற்றாத சோயா கொடுக்கலாமா? (பொங்கோல்)

வேண்டாம். ஒவ்வாமை தரும் புரதங்கள் சாதாரணச் சோயாவிலேயே இருக்கின்றன. 'நான்-ஜிஎம்ஓ' என்ற சொல் அவனைக் காக்காது. மருத்துவர் சொன்னபடி முழுதாகத் தவிருங்கள்.

புது மரபணுவோடு புது ஒவ்வாமை வர முடியும் என்பதும் நிஜம். பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சோயாவில் சேர்த்தபோது ஒவ்வாமைப் புரதமும் கூடவே வந்தது சோதனையில் தெரிந்தது. 1996-இல் வெளியான ஆய்வு அது. அந்தச் சோயா விற்பனைக்கு வரவில்லை.

பொன் அரிசி இங்கே கிடைக்குமா? (ஜூரோங்)

கடைகளில் கிடைக்காது. உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் சத்து இருக்கும்படி மரபணு மாற்றிய அரிசி அது. பிலிப்பீன்ஸ் 2021-இல் பயிரிட அனுமதித்தது. 2024 ஏப்ரலில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அரிசியைத் தவிர வேறெதுவும் தட்டில் இல்லாத குழந்தைக்கு வைட்டமின் ஏ கிடைக்கச் செய்வதே அதன் நோக்கம். அந்தக் குழந்தைகளுக்கு அது கிடைக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். முருங்கைக்கீரையும் கேரட்டும் எளிதாகக் கிடைக்கும் நமக்கு அது தேவையில்லை. கொஞ்சம் எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் சத்து உடலில் நன்றாகச் சேரும்.

தாழ்வாரத் தொட்டிக்கு வாங்கிய விதையில் 'எஃப்1 ஹைபிரிட்' என்று இருக்கிறதே? (அங் மோ கியோ)

அது இரண்டு பெற்றோர் ரகங்களின் முதல் தலைமுறைக் கலப்பு, மரபணு மாற்றம் அல்ல. தாராளமாக விதையுங்கள். அதில் காய்க்கும் விதையை எடுத்து மறுபடி போட்டால் செடிகள் ஒரே மாதிரி வராது, அவ்வளவுதான்.