ஆமென் சொல்லி ஏழு நிமிடம்

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரருக்கு, ஸ்தோத்திரம்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு தியான முகாமில் என்னை முழுமையாக ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தேன். அன்று அழுத அழுகை இன்னும் ஞாபகம் இருக்கிறது. சபையில் சாட்சியும் சொன்னேன். அன்றிலிருந்து காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபமும் வேத வாசிப்பும் செய்து வருகிறேன். என் அம்மாவுக்கு மறதி நோய். என்னோடுதான் இருக்கிறார். நான் ஜெபித்து எழுந்ததும் "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்பார். சொல்வேன். மறுபடியும் கேட்பார். ஐந்தாவது ஆறாவது முறை கேட்கும்போது கத்திவிடுகிறேன். போன வாரம் அப்படிக் கத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆமென் சொல்லி ஏழு நிமிடம்தான் ஆகியிருந்தது. அப்படியானால் முகாமில் நடந்தது பொய்யா? நான் வேஷக்காரியா? மன்னிப்புக் கேட்கலாமென்றால் நான் கத்தியதே அம்மாவுக்கு ஞாபகம் இருப்பதில்லை. கேட்டு என்ன பயன்?

(பெயர் வேண்டாம்)

---

அன்புள்ள சகோதரி,

கத்தியதும் கடிகாரத்தைப் பார்த்தீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். வேஷம் போடுகிறவர்கள் நேரம் பார்ப்பதில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் பேசுவதற்காகக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். தலைப்பு, நீடிய பொறுமை. என் மகள் முனை உடைந்த பென்சிலோடு வந்து சீவித் தரச் சொன்னாள். இரண்டு முறை அப்புறம் என்றேன். மூன்றாவது முறை மேஜையில் ஓங்கி அடித்தேன். அவள் போய்விட்டாள். நான் விட்ட வரியிலிருந்து எழுத ஆரம்பித்தேன், அதுதான் கேவலம். கோபம் வந்ததுகூடப் பெரிதில்லை, வந்த சுவடே தெரியாமல் பொறுமையைப் பற்றி மேலும் ஒரு பக்கம் எழுத முடிந்ததே! உறைத்து எழுந்து போனபோது அவள் தூங்கிவிட்டாள். காலையில் மன்னிப்புக் கேட்டேன். "சரி, பென்சில்?" என்றாள்.

நம் சபைகளில் சாட்சி சொல்கிறவர்கள் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அழுதேன், மாறினேன், அல்லேலூயா. எட்டாவது மாதத்தைப் பற்றி யாரும் சாட்சி சொல்வதில்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதையையும் அப்படித்தான் பாதியோடு நிறுத்துவார்கள். 1738 மே 24, லண்டனில் ஒரு சிறிய கூட்டம். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கிறார். இரவு ஒன்பதுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது தன் இருதயம் விநோதமாக அனலடைந்ததை உணர்ந்ததாக வெஸ்லி எழுதிவைத்தார். இதைப் பிரசங்கங்களில் நூறு முறை கேட்டிருப்பீர்கள். 1739 ஜனவரி 4 அன்று அதே வெஸ்லி அதே நாட்குறிப்பில், நான் இப்போது கிறிஸ்தவனே அல்ல என்று எழுதினார். எட்டு மாதம்கூட ஆகவில்லை. அவரைப் பொய்யர் என்பீர்களா? அப்படி எழுதியவர்தான் அதற்குப் பிறகு 50 ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார்.

குழப்பத்தில் பாதி, 'மறுரூபம்' என்ற சொல்லால் வருகிறது என்று நினைக்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு மலைமேல் இயேசுவின் முகம் சூரியனைப்போலப் பிரகாசித்த காட்சிதான் ஞாபகம் வரும். கண் இமைக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிற மாதிரி. ஆனால் ரோமர் 12:2-இல் "மறுரூபமாகுங்கள்" என்று பவுல் எழுதும்போது மூல கிரேக்கத்தில் வருவது தொடர்ந்து நடப்பதைக் குறிக்கும் வினை. மறுரூபமாகிக்கொண்டே இருங்கள் என்று படிக்கலாம். இன்னொன்று, அது செயப்பாட்டு வினையும்கூட. நாமாக நம்மை மாற்றிக்கொள்வதைவிட, மாற்றுகிறவர் கையில் இருப்பதையே அது சொல்கிறது.

அதே பவுல் கலாத்தியரில் ஆவியின் கனியாக ஒன்பதைச் சொல்கிறார். அவற்றில் நீடிய பொறுமை, தயவு, சாந்தம் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாலை ஐந்து மணிக்கு, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கும்போது இவற்றுக்கு என்ன வேலை? யாரிடம் பொறுமையாக இருப்பீர்கள்? ஜெபத்தில் கேட்டது கதவைத் திறந்த பிறகுதான் தேவைப்படுகிறது. உங்கள் அம்மா ஜெபத்தைக் கெடுக்க வருகிறவர் அல்லர்.

சரி, கத்திவிட்டோம். அடுத்து என்ன? இந்த இடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்ற 17-ஆம் நூற்றாண்டுத் துறவியிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பாரீஸில் ஒரு கார்மல் சபை மடத்தின் சமையலறையில் பல வருடம் வேலை பார்த்தவர். அந்த வேலை அவருக்குச் சுபாவமாகவே பிடிக்காது. மடத்தில் சேர்ந்த முதல் பத்து வருடங்கள் மனதுக்குள் பெரிய போராட்டம் இருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். எங்காவது தவறினால், நீர் என்னை விட்டுவிட்டால் நான் இப்படித்தான் செய்வேன் ஆண்டவரே, நீரே என்னைத் திருத்தும் என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவாராம். அதற்குமேல் அதைக் கிளறிக்கொண்டிருப்பதில்லை.

நாம் செய்வது நேர் எதிர். கத்திவிட்டு, நான் எல்லாம் ஒரு கிறிஸ்தவளா என்று மாலை வரை புழுங்குகிறோம். அந்தப் புழுக்கம் பார்ப்பதற்குப் பக்தி மாதிரி இருக்கும். ஆனால் அந்த நேரம் முழுக்க யோசனை நம்மைப் பற்றித்தான். அம்மா பக்கத்து அறையில் தனியாக இருப்பார். கோபம் வரக்கூடும் என்று பவுலுக்குத் தெரியும். அதனால்தான் எபேசியரில் சூரியன் அஸ்தமிப்பதற்குள் என்று கெடு வைக்கிறார். உங்கள் வளர்ச்சியை அளந்தே ஆகவேண்டும் என்றால், ஆமெனுக்கும் கத்தலுக்கும் இடையிலுள்ள ஏழு நிமிடத்தை அளக்காதீர்கள். கத்தலுக்கும் அம்மாவிடம் திரும்பிப் போவதற்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முன் அது எவ்வளவு இருந்தது?

இயேசு சபையை நிறுவிய லயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சியில் ஒரு சின்ன வழக்கம் உண்டு. திருத்திக்கொள்ள நினைக்கும் தவறு நேர்ந்த உடனே கையை நெஞ்சில் வைப்பது. சுற்றி ஆள் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. நான் செய்து பார்த்திருக்கிறேன், கையை வைத்த பிறகு அடுத்த வாக்கியம் அதே சத்தத்தில் வருவதில்லை.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஞாபகம் இல்லாதவரிடம் மன்னிப்புக் கேட்டு என்ன பயன்? கேளுங்கள். மறதி நோயை ஆராய்ந்தவர்கள் ஒன்று சொல்கிறார்கள்: நடந்தது மறந்த பிறகும் அது உண்டாக்கிய உணர்வு கொஞ்ச நேரம் தங்குகிறது. நீங்கள் கத்தியது அம்மாவுக்கு மறந்திருக்கும், ஏன் என்று தெரியாத ஒரு கலக்கம் மட்டும் மிச்சமிருக்கும். கையைப் பிடித்து "மன்னிச்சுக்கோங்க அம்மா" என்றால், எதற்கு என்று கேட்பார். பரவாயில்லை. அந்தப் பிடி அவருக்குப் புரியும்.

ஒரு யோசனை. அந்த ஒரு மணி நேரத்தில் கடைசிப் பத்து நிமிடத்தை அம்மாவின் கட்டிலருகே வைத்துக்கொள்ளுங்கள், வாய்விட்டு. சிறு வயதில் மனப்பாடம் செய்தவை இந்த நோயிலும் பலருக்கு நீண்ட காலம் நிற்கும். சங்கீதம் 23-இல் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று சொல்லிவிட்டு நிறுத்திப் பாருங்கள். கிழமை தெரியாதவர் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தாலும் கொடுப்பார்.