ஸ்காட்லாந்து ஹைலண்ட்ஸ் (மலைநாட்டு) ஏரிகளும் குலக்கோட்டைகளும்: கேள்வி பதில்

கேள்வி: எடின்பரோவிலிருந்து ஒரே நாளில் லாக் நெஸ் ஏரிக்குப் போய்வர முடியுமா?

முடியும். ஆனால் அந்த நாளில் பெரும்பகுதி பஸ்ஸிலேயே போய்விடும். ஏரிக்கரையில் உள்ள அர்க்கட் கோட்டைக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே அதிகம். தயவுசெய்து இன்வர்னஸில் இரண்டு ராத்திரியாவது தங்குங்கள். அங்கிருந்து அர்க்கட் கோட்டை சுமார் 25 கி.மீ.தான், ஏ82 சாலையில் நேரே போகலாம்.

கேள்வி: அர்க்கட் வெறும் இடிபாடு என்கிறார்களே, டிக்கெட் காசுக்குத் தகுமா?

தாராளமாகத் தகும். 1692-ல் இங்கிருந்த அரசுப் படை காலி செய்தபோது, பதவியிழந்த ஜேம்ஸ் மன்னரின் ஆதரவாளர்களான ஜாகோபைட்டுகள் கையில் சிக்கக்கூடாதென்று வாசல் கட்டடத்தை வெடிமருந்து வைத்துத் தகர்த்தது. கற்கள் சாந்தோடு ஒட்டியபடியே பாளம் பாளமாக விழுந்து இன்றும் வாசலருகே கிடக்கின்றன. பலரும் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள், நீங்கள் நின்று பாருங்கள். பிறகு கிராண்ட் கோபுரத்தில் ஏறுங்கள். சுமார் 37 கி.மீ. நீள ஏரியில் இருபக்கமும் வெகுதூரம் தெரியும். இந்த முனைக்காக ஏன் அத்தனை சண்டை என்று அங்கே புரியும். தண்ணீர் கருப்பாக இருப்பது அழுக்கால் அல்ல, மலையிலிருந்து கரைந்து வரும் பீட் எனும் மக்கிய தாவர மண்ணால்.

டிக்கெட்டை நேரம் குறித்து ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள். கோடையில் கார் நிறுத்துமிடம் சீக்கிரம் நிரம்பிவிடும், காலை முதல் நேரமே நல்லது.

கேள்வி: அப்பாவுக்கு மூட்டுவலி. எந்தக் கோட்டை ஒத்துவரும்?

அர்க்கட்டில் இறங்குவது சுலபம், திரும்பும்போது ஏற்றம். கடலோரத்து எலன் டோனன் கோட்டையில் உள்ளே குறுகலான படிகள். பாலம்வரை நடந்து வெளியிலிருந்து பார்ப்பது அவருக்குப் போதும்.

கேள்வி: எலன் டோனனில் படம் எடுத்தேன், சுற்றிலும் சேறும் பாசியும்தான் வந்தது. ஏன்?

கடல்நீர் வற்றும் நேரத்தில் போயிருக்கிறீர்கள். அது கடல் உள்ளே நுழையும் இடம். டூயிச், லாங், ஆல்ஷ் மூன்று கடலேரிகளும் அங்கேதான் சேர்கின்றன. பக்கத்து ஊரான கைல் ஆஃப் லோகால்ஷுக்கான ஓத (கடல்நீர் ஏற்ற இறக்க) அட்டவணையைப் பாருங்கள். ஓதம் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறும். ஆக, இன்று காலை 8 மணி என்றால் நாளை ஏறக்குறைய 8.50. நிறைந்த தண்ணீரோடு காற்றும் அடங்கியிருந்தால் கோட்டையின் பிம்பம் தண்ணீரில் முழுதாகத் தெரியும். அறைகளுக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை.

ஒன்று தெரிந்துகொண்டு போங்கள்: 1719-ல் ஜாகோபைட்டுகளுக்கு உதவ வந்த ஸ்பானிய வீரர்கள் உள்ளே இருந்தபோது பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் சுட்டுத் தகர்த்த கோட்டை அது. மெக்ரே குலத்தவர் ஒருவர் 1911-ல் வாங்கி, 1932-ல் திரும்பக் கட்டி முடித்தார். பழைய கல்லையே பார்க்க வேண்டுமென்றால் லாக் ஆவ் ஏரிக்கரையில் உள்ள கில்ஹர்ன் கோட்டைக்குப் போங்கள்.

கேள்வி: கார் இல்லாமல் கில்ஹர்ன் போகலாமா?

கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் ஓபன் (Oban) ஊருக்குப் போகும் ரயிலில் ஏறி லாக் ஆவ் ஸ்டேஷனில் இறங்குங்கள். கோட்டைக்குப் போகும் பாதை ரயில் பாலத்தின் அடியில் செல்கிறது, பெருமழைக்குப் பின் அங்கே தண்ணீர் கட்டும். கல்வேலைப் பரிசோதனைக்காக உள்பகுதியைச் சில காலம் மூடுவதும் உண்டு, முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். திறந்திருந்தால் முற்றத்தில் தலைகீழாகக் கிடக்கும் கோபுர உச்சியைத் தவறவிடாதீர்கள். 1760-ல் விழுந்த இடியின் வேலை அது.

கேள்வி: எக்ஸ்ப்ளோரர் பாஸ் எடுத்தால் எல்லாக் கோட்டைக்கும் செல்லுமா?

செல்லாது. ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து பராமரிக்கும் இடங்களுக்கு மட்டுமே. அர்க்கட் சேரும். எலன் டோனனும் மெக்லியட் குலத்தின் டன்வேகனும் தனி டிக்கெட். டன்வேகன் குளிர்காலத்தில் மூடியிருக்கும்.

கேள்வி: இந்திய லைசென்ஸில், ஒரு வண்டி மட்டுமே போகும் ஒற்றைத்தடச் சாலையில் ஓட்டலாமா?

12 மாதம்வரை ஓட்டலாம், நம்மூர்போல இடப்பக்கம்தான். ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமானால் சீக்கிரம் பதிவு செய்யுங்கள். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதில் நுழையுங்கள். வலப்பக்கம் இருந்தால் குறுக்கே போகாமல் அதற்கு நேராக உங்கள் பக்கமே நில்லுங்கள், எதிர்வண்டி சுற்றிப் போகும். பின்னால் வருபவருக்கும் ஒதுங்கி வழிவிட வேண்டும். புல்லோரத்தில் சக்கரத்தை ஏற்றாதீர்கள், பீட் மண் அமுங்கும். ஒதுங்குமிடத்தில் படம் எடுக்க நிறுத்தவே கூடாது.

கேள்வி: கடிக்கும் குட்டிப் பூச்சியான மிட்ஜுக்கு என்ன செய்வது?

ஜூன் முதல் ஆகஸ்ட்வரை தொல்லை அதிகம், அதுவும் காற்றில்லாத காலையிலும் அந்தியிலும். காற்று மணிக்கு 11 கி.மீ.யைத் தாண்டினால் அவற்றால் பறக்க முடியாது. முகவலை வாங்கிக்கொள்ளுங்கள், அடர்நிறச் சட்டையைத் தவிருங்கள்.

கேள்வி: சைவம் கிடைக்குமா?

கிடைக்கும். பருப்பு சூப்பை மட்டும் கேட்டு வாங்குங்கள், பன்றி எலும்புச் சாற்றில் செய்வது அங்கே வழக்கம்.