ஆப்பிரிக்க இலக்கியம் வாசிக்க எங்கிருந்து தொடங்கலாம்?

கல்லூரியில் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் நாவல் ஒன்று படித்ததோடு சரி, அதைத் தாண்டி ஆப்பிரிக்க இலக்கியத்தில் எதுவும் தெரியாது, கவிதையும் படிக்க ஆசை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பல வருஷம் அதே இடத்தில்தான் நின்றேன். மதுரையில் இளங்கலை ஆங்கிலம் படித்தபோது அந்த நாவல் பாடத்தில் இருந்தது, பரீட்சைக்குக் கைடு வைத்துப் படித்தேன், முடிந்தது. எனக்கு வழி திறந்தது வேறொரு புத்தகம். 'லாவினோவின் பாட்டு' என்ற நெடுங்கவிதை.

உகாண்டாவின் வடக்கில் அச்சோலி மக்கள் வாழ்கிறார்கள். அந்த ஊர்ப் பெண் லாவினோ. படிக்காதவள். அவள் புருஷன் ஓச்சோல் பெரிய படிப்புப் படித்துவிட்டு, இப்போது இவளைப் பட்டிக்காடு என்று ஏசுகிறான், இவள் சமையல் பிடிக்கவில்லை, ஆட்டம் பிடிக்கவில்லை, கிளமென்டைன் என்ற நாகரிகப் பெண்ணின் பின்னால் போகிறான். லாவினோ தன் சொந்தபந்தங்களைக் கூப்பிட்டு முறையிடுகிறாள். புத்தகம் முழுக்க அந்த முறையீடுதான். கிளமென்டைனின் சாயம் பூசிய உதட்டைப் பார்த்து, ரத்தத்தில் வாய் வைத்த காட்டுப்பூனை மாதிரி இருக்கிறது என்பாள். அதே பாட்டிலேயே, அந்நியர் பழக்கம் எனக்குப் புரியவில்லை, ஆனாலும் அதை நான் இகழவில்லை, நீ ஏன் உன்னுடையதையே இகழ்கிறாய் என்று புருஷனைக் கேட்கும் அளவுக்கு நிதானமும் அவளுக்கு உண்டு.

எழுதியவர் ஒகோட் பிபிடெக். அவருடைய அம்மாவே நல்ல பாடகி. 1956இல் உகாண்டா கால்பந்து அணியோடு பிரிட்டனுக்குப் போய் வெறுங்காலோடு ஆடியவர், அப்படியே அங்கே தங்கிப் படித்தார். இந்தப் பாட்டை அச்சோலியில் எழுதி, பிறகு தானே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலப் புத்தகம் 1966இல் நைரோபியில் வெளிவந்தது, மூலம் அச்சேற 1969 ஆனது.

எனக்கு இது பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. லீவில் ஊருக்குப் போனபோது, திண்ணையில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அப்பத்தாவுக்கு வாய்க்கு வந்த தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஓச்சோல் பெரிய கடிகாரம் ஒன்றை வாங்கி வைத்துவிட்டு, இவளுக்கு மணி பார்க்கத் தெரியவில்லை என்று கத்துகிறான். பிள்ளை அழுதால் பால் கொடுப்பேன், அதற்கு ஏது நேரம் என்கிறாள் லாவினோ. அந்த இடத்தில் அப்பத்தா கையை நிறுத்திவிட்டு, "சரியாத்தானே கேக்குறா" என்றது. கொஞ்ச நேரம் கழித்து, "அவுக ஊருல செத்தா ஒப்பாரி வைப்பாகளா?" என்று கேட்டது. என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விதான் என்னை மேலே இழுத்துக்கொண்டு போனது. ஒகோட் அச்சோலி மக்களின் வாய்மொழிப் பாட்டுகளைத் தேடித் தொகுத்தவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. சாவுப்பாட்டும் நிறைய இருக்கிறது. ஒன்றில், மகளைப் பறிகொடுத்தவர், சாவைப் பெற்றவளின் வீட்டுக்கு மட்டும் என்னால் போக முடிந்தால் நீளமாகப் புல் பந்தம் கட்டி எல்லாவற்றையும் கொளுத்தி அழித்துவிடுவேன் என்கிறார். எமனைச் சபிக்கிற ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு அடிக்குறிப்பு தேவையில்லை. அப்பத்தாவுக்கு இதைச் சொன்னபோது அது ஒன்றும் பேசவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

இதற்குப் பிறகு தாய்மொழியில் எழுதியவர்களைத் தேடித் தேடிப் படித்தேன். கென்யாவின் கூகி வா தியாங்கோ ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதிப் பெயர் வாங்கியவர். 1977இல் காமிரீத்து என்ற தன் ஊரில் விவசாயிகளையும் தொழிலாளிகளையும் வைத்து கிகூயூ மொழியில் நாடகம் போட்டார். அரசு நாடகத்தைத் தடை செய்தது, அந்த ஆண்டின் கடைசி நாளில் அவரையும் பிடித்துக்கொண்டு போனது. ஆங்கிலத்தில் எழுதியபோது வராத சிறை, சொந்த மொழியில் ஊர்க்காரர்களோடு சேர்ந்தபோது வந்தது. உள்ளே கழிப்பறைக் காகிதத்தில் கிகூயூவிலேயே ஒரு நாவல் எழுதினார். தமிழில் அது 'சிலுவையில் தொங்கும் சாத்தான்'. கட்டாயம் படியுங்கள்.

கவிதை வேண்டும் என்றீர்கள் அல்லவா, அப்படியானால் சோமாலியாவை விடக்கூடாது. அங்கே மரபுக்கவிதையில் மோனை ஒரு வரியோடு நிற்காது, கவிதை நூறு வரி போனாலும் முதல் வரியில் எடுத்த அதே ஒலிதான் கடைசி வரை வர வேண்டும். சோமாலி மொழிக்கு அரசு ஏற்ற எழுத்துமுறை வந்ததே 1972இல்தான், அதுவரை இவ்வளவும் மனப்பாடத்தில் நின்றது. 1979இல் கார்ரியே என்ற கவிஞர் ஒரு கவிதை எழுத, ஹத்ராவியும் இன்னும் பல கவிஞர்களும் அதே மோனையில் பதில் கவிதைகள் எழுதிக்கொண்டே போனார்கள், அந்தத் தொடருக்கே அந்த எழுத்தை வைத்து 'தேல்லே' என்று பெயர். சர்வாதிகார ஆட்சி நடந்த காலம், அதனால் கேசட்டில் பதிந்து கைமாற்றிக்கொண்டார்கள். மோனை தெரிந்த நமக்கு, அந்த மொழி ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் கேட்கும்போது காது பிடித்துக்கொள்ளும். முடிந்தால் ஒலிப்பதிவு தேடிக் கேளுங்கள், மொழிபெயர்ப்பில் அந்த மோனையைக் கொண்டுவருவது மிகவும் கஷ்டம்.

நாவலில் பெண் குரல் வேண்டுமென்றால் செனகலின் மரியாமா பா. கணவன் இறந்து இத்தா (முஸ்லிம் விதவையின் துக்க காலம்) இருக்கும் ரமத்துலாயே தன் தோழிக்கு எழுதும் கடிதமாக 1979இல் ஒரு நாவல் எழுதினார், சின்னப் புத்தகம், ஒரே இரவில் படித்துவிடலாம். நைஜீரியக் கவிஞர் கிறிஸ்டோபர் ஒகிக்போவின் கவிதைகளைக் கொஞ்சம் பொறுத்து எடுங்கள். ஊர் ஓடையின் தெய்வமான இதோத்தோ தாயின் முன் நின்று பேசுகிற அந்த முதல் வரிகள் என்னை உலுக்கின, ஆனால் முழுதும் பிடிபட எனக்கு நாலைந்து வாசிப்பு ஆனது. நைஜீரியாவின் உள்நாட்டுப் போரான பையாஃப்ரா போரில் 1967இல் அவர் செத்துப்போனார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

இதெல்லாம் ஆனபிறகு அச்செபேயைத் திரும்ப எடுங்கள், தமிழில் 'சிதைவுகள்' என்று இருக்கிறது. நான் அப்படித்தான் செய்தேன். நாயகன் ஒக்கோன்க்வோவின் வீழ்ச்சி, வெள்ளைக்காரன் வருகை என்று கைடு சொன்னதை மட்டும் தெரிந்து வைத்திருந்த எனக்கு, அவன் மனைவி எக்வெஃபியின் இரவு அப்போதுதான் கண்ணில் பட்டது. பத்துப் பிள்ளை பெற்று ஒன்பதைப் புதைத்தவள். மிஞ்சிய ஒரே மகளைச் சாமி வந்த பூசாரிப் பெண் நள்ளிரவில் முதுகில் தூக்கிக்கொண்டு போக, பின்னால் வரக்கூடாது என்று தெரிந்தும் இவள் இருட்டில் பின்தொடர்ந்து போய்க் குகை வாசலில் நிற்பாள். உள்ளே மகள் அழுதால் எந்தத் தெய்வமானாலும் சரி, நுழைந்துவிடுவது என்று முடிவு. பின்னால் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினால், கையில் அரிவாளோடு ஒக்கோன்க்வோ நிற்பான்.