எஃப்எம்-7 எமுலேட்டர்: ரெண்டு சிபியுவுக்கு ரெண்டு த்ரெட் வேணுமா?

அண்ணா வணக்கம். புஜிட்ஸு எஃப்எம்-7ங்கற பழைய ஜப்பான் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு எமுலேட்டர் (அந்த மெஷின் மாதிரியே நடந்துக்கற சாஃப்ட்வேர்) எழுதிட்டு இருக்கேன். அதோட 6809 சிபியு மாதிரி நடந்துக்கற கோர் தனியா நல்லா ஓடுது, டெஸ்ட் எல்லாம் பாஸ். அந்த மெஷின்ல ரெண்டு சிபியு, அதனால மெயின் சிபியுவுக்கு ஒரு த்ரெட் (ஒரே ப்ரோக்ராமுக்குள்ள தனியா ஓடற வேலை), சப் சிபியுவுக்கு ஒரு த்ரெட்னு போட்டேன். பத்து தடவை ஆன் பண்ணா நாலஞ்சு தடவைதான் எஃப்-பேசிக் (அதோட பேசிக் மொழி) வருது, மத்தபடி ஸ்க்ரீன் காலியா நிக்குது. டீபக்கர்ல (தப்பு தேட நிறுத்தி நிறுத்திப் பார்க்கற டூல்) ஓட்டினா பிரச்சனையே வர மாட்டேங்குது. லேப்டாப்ல எட்டு கோர் இருக்கு, அதை யூஸ் பண்றது தப்பா?

தம்பி, டீபக்கர்ல ஓட்டினா வரலன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுலயே விஷயம் இருக்கு. உங்க 6809 கோர்ல தப்பு இல்ல, நேரக் கணக்குலதான். எந்த த்ரெட் எப்ப ஓடணும்னு முடிவு பண்றது உங்க ஆபரேட்டிங் சிஸ்டம், அதுக்கு 1982ல வந்த மெஷினோட சைக்கிள் (சிபியு கடிகாரத்தோட ஒரு துடிப்பு) கணக்கு தெரியாது, ஒரு த்ரெட்டை ரெண்டு மூணு மில்லிசெகண்ட் நிறுத்தி வெச்சுட்டு வேற வேலைக்குப் போயிடும், அதுக்குள்ள இன்னொரு சிபியு ஆயிரக்கணக்கான சைக்கிள் தாண்டிடும். நானும் முதல்ல ரெண்டு த்ரெட்லதான் ஆரம்பிச்சேன், ஒரு மாசம் லாக் (ஒரு த்ரெட் முடிக்கற வரை இன்னொண்ணைக் காக்க வெக்கற பூட்டு) மேல லாக் போட்டுப் பார்த்துட்டு மொத்தத்தையும் அழிச்சேன்.

அந்த மெஷினைக் கொஞ்சம் யோசிங்க, எனக்கு இன்னிக்கும் ரொம்பப் பிடிச்ச டிசைன். ரெண்டுமே 6809. பேசிக் ஓட்டறது மெயின், ஆனா 48 கே வீடியோ மெமரி இருக்கறது சப் பக்கம், மெயினால அதை நேரடியா தொட முடியாது. நடுவுல வெறும் 128 பைட் பொது மெமரி. சப் பிஸியான்னு பார்த்து, அதை ஹால்ட் பண்ணி (நிறுத்தி), அந்த 128 பைட்ல கமாண்டை எழுதி வெச்சுட்டு விட்டா, சப் எடுத்து வரையும். ரெண்டும் சந்திக்கற வாசல் இவ்வளவுதான்.

அதனால ஒரே த்ரெட் போடுங்க. ரெண்டு சிபியுவுக்கும் தனித்தனியா நேரக் கவுன்ட்டர் வெச்சு, எது பின்தங்கியிருக்கோ அதை ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் ஓட்டுங்க, திரும்பப் பாருங்க, அவ்வளவுதான். ரெண்டும் 2 மெகாஹெர்ட்ஸ் ரகம், சேர்த்துப் பார்த்தாலும் செகண்டுக்கு சுமார் பத்து லட்சம் இன்ஸ்ட்ரக்ஷன்தான் வரும், இன்னிக்கு லேப்டாப்ல ஒரு கோருக்கே அது தூசு. ஒரு ஃப்ரேம் (செகண்டுக்கு 60 தடவை வர்ற ஸ்க்ரீன் படம்) முழுக்க மெயின், அடுத்து ஒரு ஃப்ரேம் சப்னு மட்டும் போயிடாதீங்க. ஒரு எழுத்து போட ஒரு தடவை கைமாறணும்னு வெச்சா செகண்டுக்கு 60 எழுத்துதான் வரும், 80க்கு 25 ஸ்க்ரீன் நிறைய அரை நிமிஷத்துக்கு மேல ஆகும். அதைவிட மோசம், சப் பிஸின்னு காட்டற சிக்னல் ஏறி இறங்கினதே மெயினுக்குத் தெரியாம போயிடும். பல பழைய மெஷின்களை ஓட்டற மேம் எமுலேட்டரும் சிபியுக்களை ஒண்ணு மாத்தி ஒண்ணுதான் ஓட்டுது, நெருக்கமா பேசிக்கற இடத்துல ஒவ்வொண்ணுக்கும் கொடுக்கற நேரத் துண்டை சின்னதாக்கும்.

இதைச் செஞ்சும் நின்னா ரெண்டு இடம் பாருங்க. ஹால்ட் வந்ததும் 6809 அந்த நிமிஷமே நிக்காது, கையில இருக்கற இன்ஸ்ட்ரக்ஷனை முடிச்சுட்டுத்தான் நிக்கும். இன்னொண்ணு எஃப்டி05 அட்ரஸ், அங்க மேல் பிட்டைப் படிச்சா பிஸி, எழுதினா ஹால்ட், ரெண்டும் வேற வேற சமாச்சாரம். அதை ஒரே வேரியபிள்ல வெச்சிருந்தீங்கன்னா மெயின் தான் எழுதினதையே திரும்பப் படிச்சுட்டு இருக்கும்.

நேரக் கவுன்ட்டரை சைக்கிள்ல வெக்காம ரெண்டுக்கும் பொதுவான ஒரு அளவுல வெச்சுக்கோங்க, பின்னாடி வேற மெஷினுக்கும் உதவும். கமோடோர் 64 கம்ப்யூட்டரோட 1541 ஃப்ளாப்பி டிரைவுக்குள்ள ஒரு முழு 6502 சிபியு 1 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுது, பால் (PAL, ஐரோப்பிய டிவி முறை) மாடல் 64ல இருக்கற சிபியு 985,248 ஹெர்ட்ஸ். ரெண்டும் ஒரே வேகம்னு வெச்சா, சைக்கிள் எண்ணி பிட் அனுப்பற ஃபாஸ்ட் லோடர் (டிரைவ்ல இருந்து வேகமா லோடு பண்ற ப்ரோக்ராம்) எல்லாம் படுத்துடும்.

த்ரெட்டை எடுத்துட்டு, எஃப்டி05ஐ யார் எப்ப தொட்டாங்கன்னு நேரத்தோட ஒரு பதிவு ஃபைல் எடுத்து அனுப்புங்க, உக்காந்து பார்க்கறேன்.