பள்ளிகளில் ஸ்மார்ட்போனுக்குத் தடை விதிப்பதால் மாணவர்களிடம் என்ன மாற்றம் ஏற்படுகிறது?

பள்ளியில் ஸ்மார்ட்போனைத் தடைசெய்தால் படிப்பும் மனநலமும் மேம்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உயர்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிப்பவன். படிப்பு ஓரளவு மேம்படும், ஆனால் எல்லா மாணவர்களுக்கும் ஒரே அளவில் அல்ல என்பதும், மனநலத்தைப் பொறுத்தவரை பள்ளித் தடையை மட்டும் நம்பிப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது என்பதும் என் கருத்து.

இங்கிலாந்தின் நான்கு நகரங்களைச் சேர்ந்த 91 பள்ளிகளின் தேர்வு முடிவுகளை ஆராய்ந்து, லூயி-பிலிப் பெலாண்ட், ரிச்சர்ட் மர்பி என்ற பொருளியலாளர்கள் 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தடைக்குப் பிறகு 16 வயது மாணவர்களின் மதிப்பெண்கள் சற்றே உயர்ந்திருந்தன. அந்த உயர்வின் பெரும்பகுதி ஏற்கெனவே பின்தங்கியிருந்த மாணவர்களுடையது, முன்னணி மாணவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. வகுப்பறையில் நிற்பவர்களுக்கு இது வியப்பளிக்காது. இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தும்போது, நடு உறுப்பை இரண்டாகப் பிரிக்கும் வரியில், ஒரு மாணவர் மேசைக்கடியில் குனிந்து ஏதோ ஓர் அறிவிப்பைப் பார்த்துவிட்டு நிமிர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகப் படிப்பவர் அடுத்த வரியைப் பார்த்தே இடையில் நடந்ததை ஊகித்துவிடுவார். தட்டுத் தடுமாறிப் படிப்பவருக்கோ அந்த ஒரு வரி போனால் அதற்குக் கீழுள்ள அத்தனையும் போயிற்று. பலகையில் இருப்பதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு மணி அடிக்கக் காத்திருப்பார். ஆனால், பின்னர் சுவீடனில் இதே போன்ற முறையில் செய்யப்பட்ட ஆய்வில் மதிப்பெண் உயர்வு தென்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே, தடை வந்தால் தேர்ச்சி விகிதம் எகிறிவிடும் என்று பெற்றோரிடம் வாக்களிக்கும் தலைமையாசிரியர்கள் கொஞ்சம் நிதானிப்பது நல்லது.

'என் பிள்ளையின் கைப்பேசியால் மற்றவருக்கு என்ன நட்டம்?' என்று கேட்கும் பெற்றோர் உண்டு. 15 வயது மாணவர்களுக்காகப் பல நாடுகளில் நடத்தப்படும் பீசா (PISA) தேர்வில், 2022ஆம் ஆண்டில், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் உறுப்பு நாடுகளைச் சேர்ந்த மாணவர்களில் சராசரியாக 65 விழுக்காட்டினர், சில கணித வகுப்புகளிலாவது தங்கள் மின்னணுக் கருவிகளால் கவனம் சிதறியதாகக் கூறினர். அடுத்தவர் பயன்படுத்திய கருவியால் கவனம் சிதறியதாகக் கூறியவர்கள் 59 விழுக்காடு. தடை முழு வகுப்புக்கும் பொதுவானதாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இந்த இரண்டாவது எண்ணே காரணம்.

மனநலத்தில் விடை இவ்வளவு தெளிவாக இல்லை. பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 30 பள்ளிகளைச் சேர்ந்த 1,227 மாணவர்களை ஒப்பிட்டு 2025இல் வெளியிட்ட முடிவில், தடையுள்ள பள்ளி மாணவர்களுக்கும் தடையில்லாத பள்ளி மாணவர்களுக்கும் இடையே மனநலத்தில் வேறுபாடு காணப்படவில்லை. பள்ளி நேரத்தில் பயன்பாடு குறைந்தது உண்மைதான். மொத்தத்தில் கைப்பேசியோடு கழியும் நேரம் குறையவில்லை. நார்வேயில் செய்யப்பட்ட ஓர் ஆய்வோ, தடைக்குப் பிறகு மாணவர்களிடையே வம்பிழுத்துத் துன்புறுத்துவது குறைந்ததாகவும், மனநலக் காரணங்களுக்காக மருத்துவ உதவி நாடிய மாணவியரின் எண்ணிக்கை குறைந்ததாகவும் கூறுகிறது. பள்ளிக்குள்ளேயே நடக்கும் தீங்கைத் தடை குறைக்கக்கூடும், இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் நடப்பதை அது தொடாது என்றே இவ்விரண்டையும் சேர்த்து நான் புரிந்துகொள்கிறேன். (பகலில் கைப்பேசியைத் தடைசெய்துவிட்டு, இரவில் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் பள்ளிகளும் இருக்கின்றன. அவர்களை என்ன சொல்வது!)

எங்கள் பள்ளியில் எனக்குக் கண்கூடாகத் தெரிந்த மாற்றம் இடைவேளையில்தான். முதல் சில நாட்கள் பலர் கையை எங்கே வைப்பதென்று தெரியாதவர்களைப் போல நின்றனர். பிறகு சத்தம் கூடியது, சண்டையும் கூடியது, யாரோடும் சேராமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த சிலர் கூட்டத்தின் ஓரத்திலாவது வந்து நின்றனர். இதை எந்த மதிப்பெண்ணும் காட்டாது.

தடையை எப்படி நடைமுறைப்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தும் விளைவு மாறும். அணைத்துப் பைக்குள் வைத்திருக்கலாம் என்ற விதி, கழிப்பறைக்குப் போகும் மாணவர் எண்ணிக்கையைத்தான் கூட்டுகிறது. காலையிலேயே வாங்கிப் பூட்டி வைத்து மாலையில் திருப்பித் தருவதே ஓரளவு பலன் தருகிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு பெரிய பள்ளி மாவட்டத்தை (ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள அரசுப் பள்ளிகளின் தொகுதியை) ஆராய்ந்தவர்கள், தடை வந்த முதல் ஆண்டில் இடைநீக்கங்கள் அதிகரித்ததையும், கறுப்பின மாணவர்களிடையே அது கூடுதலாக இருந்ததையும், இரண்டாம் ஆண்டில்தான் மதிப்பெண்கள் உயர்ந்ததையும் கண்டனர். முதல் மீறலுக்கே இடைநீக்கம் என்று தொடங்கும் பள்ளி, எந்தப் பின்தங்கிய மாணவருக்காகத் தடையைக் கொண்டுவந்ததோ அவரையே வகுப்புக்கு வெளியே நிறுத்திவிடும்.

விதிவிலக்கும் தேவை. நீரிழிவு உள்ள மாணவர்களில் சிலர் தோலில் பொருத்திய உணரி (சென்சார்) காட்டும் சர்க்கரை அளவைக் கைப்பேசிச் செயலி வழியாகத்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்கான அனுமதியை எழுத்தில் முன்கூட்டியே தந்து எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிவித்துவிட வேண்டும். ஒவ்வொரு பாடவேளையிலும் அந்த மாணவர் வகுப்பின் முன்னால் எழுந்து நின்று தன் நோயை விளக்கும்படி விடக் கூடாது.