கோப்பாக்காவின் பெயர்

அன்புள்ள ஐயா,

டென்மார்க்கின் பில்லுண்ட் நகரைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தபின் இதை எழுதுகிறேன். நான் டொரண்டோவில் வளர்ந்தவன், வயது 33. 2001இல் அப்பா வாங்கித் தந்த டாஹு என்ற சிவப்புப் பொம்மையில் தொடங்கி லெகோவின் பயோனிக்கிள் உருவங்களைச் சேர்த்தேன். இரண்டு அட்டைப்பெட்டி நிறைய வைத்திருந்தேன். 2009இல் வீடு மாறியபோது அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் யாரோ ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். அதை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. இப்போது ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்குகிறேன். மனைவி சிரிக்கிறார். போன வாரம் உறை பிரிக்காத 2001 டாஹு ஒன்று வந்து சேர்ந்தது. திறந்து கட்டுவதா, அப்படியே வைப்பதா? இந்த ஆசையே வளராத மனத்தின் அடையாளமா? இன்னொன்று: நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிக்காரர்கள் மிரட்டிப் பெயர்களை மாற்றவைத்த நாளிலேயே அந்தக் கதையின் உயிர் போய்விட்டது என்று நினைக்கிறேன். 2015இல் வந்த புதியவை வெறும் குப்பை. உங்கள் கருத்து என்ன?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசையில் இன்னொரு பயோனிக்கிள் பொம்மை, கோப்பாக்கா, நின்றுகொண்டிருந்தான். வெள்ளை உடல், ஒரு கையில் கேடயம், மறு கையில் வாள், முகமூடியின் ஒரு கண்ணில் தொலைநோக்கி. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மகன் பரணில் ஏறி ஒரு பெட்டியை இறக்கித் தன் மகளிடம் கொடுத்திருந்தான். அவர்கள் போனபின் இவனை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு வாரமாக இவனைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில் இவ்வளவு சீக்கிரம் வருகிறது.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். 2015இல் திரும்பி வந்தவை 2016இலேயே நின்றுவிட்டன. அவற்றோடு விளையாடிய பிள்ளைகளுக்கு இப்போது இருபது வயது இருக்கும். அவர்களிடம் போய்க் குப்பை என்று சொல்லிப் பாருங்கள். மனைவி சிரிப்பது உங்கள் வீட்டு விஷயம். வளராத மனமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வேலைக்குப் போகிறீர்கள், குடும்பம் நடத்துகிறீர்கள், மிச்ச நேரத்தில் ஒரு பொம்மையை வைத்துக்கொள்கிறீர்கள். இதில் யாருக்கு என்ன நட்டம்?

ஆனால் அம்மாவைப் பற்றி எழுதிய வரியைக் கடந்துபோக முடியவில்லை. மன்னிக்க முடியவில்லையா? 2009இல் உங்களுக்குப் பதினேழு வயது. அந்தப் பெட்டிகளைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? வீடு மாறுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நானும் என் மனைவியும் இந்த டென்மார்க்கில் ஐந்து வீடு மாறினோம். எதை ஏற்றுவது, எதை விடுவது என்று கடைசியில் முடிவெடுப்பது அவள்தான். இரவு வேலை முடித்து வந்து, பிள்ளைகள் தூங்கியபின், தனியாக நின்று முடிவெடுப்பாள். உங்கள் அம்மா அவற்றைக் குப்பையில் போடவில்லை. விளையாடக்கூடிய ஒரு பிள்ளையைத் தேடிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு இப்போது என்ன வயது, அவன் எதை எடுத்துக் கட்டினான் என்று ஒரு நாளாவது அம்மாவிடம் கேட்டீர்களா? கேளுங்கள் தம்பி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பயோனிக்கிள் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம். பில்லுண்ட் ஊரில் 1932இல் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். அதுதான் பிறகு லெகோ ஆனது. பிராண்டே அபிராமி அம்மன் கோயிலுக்குப் போகும் எங்கள் சனங்களுக்குப் பில்லுண்ட் தூரமில்லை. அந்த நிறுவனம் 2001இல் உலகம் முழுக்கக் கொண்டுபோன உருவங்கள் இவை. செங்கல் போல அடுக்குபவை அல்ல. குமிழைக் கிண்ணத்தில் அழுத்தினால் தோள் வரும், முழங்கால் வரும். முதுகிலுள்ள பற்சக்கரத்தைத் திருகினால் கை வீசும். டோவா எனப்படும் ஆறு வீரர்கள்: நெருப்புக்கு டாஹு, நீருக்குக் காலி, பனிக்குக் கோப்பாக்கா, காற்றுக்கு லேவா, மண்ணுக்கு ஓனுவா, கல்லுக்குப் போஹாட்டு. அப்புறம் கதை. ஒரு தீவின் கரையில் ஆறு உருளைகள் ஒதுங்குகின்றன. உள்ளே இருப்பவர்கள் துண்டு துண்டாகக் கிடக்கிறார்கள். தங்களைத் தாங்களே பூட்டிக்கொண்டு எழுகிறார்கள். யார், எங்கிருந்து வந்தோம் என்ற நினைவு ஒருவருக்கும் இல்லை. கடையில் அந்தப் பொம்மைகள் வந்ததும் அதே போன்ற பிளாஸ்டிக் உருளைகளில்தான்.

கதையின் மூலத்தில் ஒரு நோய் இருக்கிறது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ஃபாபர் என்ற டேனிஷ் கலைஞருக்கு மூளையில் கட்டி இருந்தது. தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டு வாழ்ந்தவர். உடம்புக்குள் போன மருந்து அங்கே சின்னப் படைவீரர்களைப் போலச் சண்டை பிடிப்பதாக அவர் கற்பனை செய்தார். அந்தத் தீவுக்கு அடியில் நோயுற்றுத் தூங்கும் ஒரு மாபெரும் உடல் கிடக்கிறது என்பதைக் கதை பல வருடம் மறைத்து வைத்து 2008இல்தான் சொன்னது. உருளைகள் மருந்துக் குளிகைகள். இதை மகன்தான் எனக்குச் சொன்னான், முப்பது வயதுக்குப் பிறகு.

மகன் 1992இல் இங்கே பிறந்தான். உங்கள் வயதுதான். அவனுடைய முதல் டோவா கோப்பாக்கா. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் சிவப்பைக் கேட்க, இவன் வெள்ளையைக் கேட்டான். கோப்பாக்கா அதிகம் பேசாதவன், தனியாகத் திரிபவன். எனக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே, "எங்கே உன் கோபக்காரன்?" என்று கேட்பேன். இரண்டு நாள் பொறுத்தான். மூன்றாம் நாள் எழுந்து வந்து என் முன்னால் நின்றான். "அவன் கோபக்காரன் இல்லை அப்பா. கோப்பாக்கா. ஒருத்தற்ற பேரைச் சரியாச் சொல்லுங்கோ." கண்ணில் தண்ணீர் நின்றது. நான் பத்துத் தடவை சொல்லிப் பழகினேன். அவன் தலையாட்டும்வரை சொன்னேன்.

அதே குளிர்காலத்தில் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அவன் பெயரில் ழகரம் இருக்கிறது. நான் வைத்த பெயர். பெயரை இங்கே எழுதப்போவதில்லை, அது அவனுடையது. ஆசிரியை பட்டியலைப் பார்த்து அவனை அழைத்தார். என்ன பெயர் அழைத்தார் என்றே எனக்கு முதலில் புரியவில்லை. அவன் 'யா' என்று கை தூக்கினான். மூன்று வருடமாக அவன் அந்தப் பெயருக்குத்தான் கை தூக்கிக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் எழப்போனேன். அவன் என் சட்டைக் கையை இழுத்தான். "விடுங்கோ அப்பா, பரவாயில்லை." நான் உட்கார்ந்துவிட்டேன்.

பிளாஸ்டிக் வீரனின் பெயருக்காக என்னோடு சண்டைபிடித்த பிள்ளை, தன் பெயருக்காக வாய் திறக்கவில்லை. ஏன் என்று பல வருடம் கேட்டுக்கொண்டேன். கோப்பாக்காவின் பெயர் உருளையில் அச்சிட்டிருந்தது, விளம்பரத்தில் சொன்னார்கள், ஒரு பெரிய நிறுவனமே அந்தப் பெயருக்குப் பின்னால் நின்றது. என் மகனின் பெயருக்குப் பின்னால் நின்றவன் நான் ஒருவன். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது மாவோரிக்காரர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைத் திரும்பப் படியுங்கள்.

உங்களுக்கு இவ்வளவு பிடித்த அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? டோவா என்றால் மாவோரியில் வீரன். கனோஹி என்றால் முகம், கதையில் முகமூடிகளுக்கு அந்தப் பெயர். போஹாட்டு கல். கோப்பாக்கா பனிக்கட்டி. கதையின் ஊர்ப் பெரியவர்களில் ஒருவருக்கு வைத்த ஃபெனுவா என்ற பெயருக்கு நிலம் என்று பொருள், மண் என்று பொருள். ஒரு சனத்தின் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு அள்ளியிருக்கிறார்கள். கெட்ட நோக்கம் இருந்திருக்காது. ஓசை நன்றாக இருந்தது, எடுத்தார்கள். எடுக்கும்போது கேட்கவில்லை.

கதையில் ஊர்ச் சனங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் டொஹுங்கா. மாவோரியில் அது கற்றுத் தேர்ந்தவரைக் குறிக்கும் சொல். மருத்துவர், பூசகர், மரம் செதுக்குபவர், வம்சவரலாறு சொல்பவர், இவர்கள் எல்லோரும் டொஹுங்கா. 1907இல் நியூசிலாந்தில் ஒரு சட்டம் போட்டார்கள், டொஹுங்கா ஒடுக்கல் சட்டம் என்பது அதன் பெயரே. அந்த வைத்தியம் செய்தால் குற்றம். 1962வரை அந்தச் சட்டம் புத்தகத்தில் இருந்தது. மொழியும் தேய்ந்தது. பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்று பயந்து 1982இல் மொழிக்கூடுகள் என்று மழலையர் பள்ளிகளைத் தொடங்கினார்கள். பாட்டிகள் போய் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளோடு மாவோரியில் பேசினார்கள். 1987இல்தான் அது அந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பதினாறு வருடம் படிப்பித்தவன் நான். அந்தப் பாட்டிகளை எனக்குத் தெரியும் போலவே இருக்கிறது.

இதற்குப் பிறகு பதினான்கு வருடத்தில், 2001இல், டொஹுங்கா என்ற சொல் உள்ளங்கையளவு பிளாஸ்டிக் பொம்மைகளின் பெயராகக் கடைக்கு வருகிறது. அந்தச் சொல்லை முதல்முறையாகக் கேட்கும் ஒரு மாவோரிப் பிள்ளை எதை நினைக்கும்? தன் கொள்ளுப்பாட்டனையா, பொம்மையையா? நாளைக்கு ஒரு நிறுவனம் நம்மிடம் கேட்காமல் 'சித்தர்' என்று ஒரு பொம்மைக் கூட்டத்துக்குப் பெயர் வைத்தால் டொரண்டோவில் முதல் ஆளாகக் கொதிப்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

மாவோரிக்காரர்கள் என்ன செய்தார்கள்? மாவுயி சாலமன் என்ற வழக்கறிஞர் மூலம் எழுதினார்கள், எதிர்த்தார்கள். நிறுவனம் முதலில் இணங்கவில்லை. பிறகு ஆளனுப்பிப் பேசியது. டொஹுங்கா என்பது மட்டோரான் ஆனது. ஜாலா என்ற ஊர்க்காரன் ஜாலர் ஆனான். ஹூக்கி, மாக்கு ஆகியோருக்கு எழுத்துதான் மாறியது, ஓசைகூட மாறவில்லை. டோவா அப்படியே இருந்தது. உங்கள் டாஹு அப்படியே இருந்தான், என் கோப்பாக்காவும் இருந்தான். கதையில் அதற்கென்று பெயர்சூட்டு நாள் ஒன்றே வைத்தார்கள், ஊருக்கு நல்லது செய்தவர்களுக்குப் புதிய பெயர் என்று. இதிலா உயிர் போனது? 2001இல் உங்களுக்கு ஒன்பது வயது. அன்றைக்கு இந்த மாற்றத்தை நீங்கள் கவனித்தே இருக்கமாட்டீர்கள். வளர்ந்தபின் எங்கோ யாரோ சொன்ன கோபத்தை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

கடுமையாக எழுதிவிட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தின் அடியில் உங்கள் பெயரைப் பார்த்தேன். அப்பா அம்மா வைத்த பெயரில் மூன்று எழுத்து குறைகிறது, அங்கே வசதிக்காகச் சுருக்கியிருக்கிறீர்கள். அதைப் பார்த்தபின் மென்மையாக எழுத வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேத்தி கோப்பாக்காவைக் கையில் எடுத்து ஏதோ ஒரு பெயர் சொன்னாள். மகன் தரையில் உட்கார்ந்து திருத்தினான். அவளுக்கு நாலு வயது, இரண்டாம் தடவையே சரியாகச் சொல்லிவிட்டாள். பிறகு சாப்பாட்டு மேசையில் மனைவி சோறு போடும்போது சொன்னான், பாலர் பள்ளியில் பிள்ளையின் பெயரைத் தப்பாகக் கூப்பிடுகிறார்களாம், நாலு தடவை போய்ச் சொல்லிக்கொடுத்தானாம், இப்போது இரண்டு பேர் சரியாகச் சொல்கிறார்களாம். பிள்ளையின் பெயரிலும் ழகரம் இருக்கிறது. அதை வைத்தது நான் இல்லை, அவன்.

டாஹுவைத் திறப்பதா என்று கேட்டிருந்தீர்கள். திறங்கள். இருபத்துநாலு வருடம் உருளைக்குள் கிடந்தது போதும். உங்கள் அம்மாவின் வீட்டுக்குக் கொண்டுபோய், அவர் இருக்கும்போது கட்டுங்கள். இது என்ன என்று கேட்டால் பெயரைச் சொல்லுங்கள். டாஹு என்றால் தீ மூட்டுவது என்று பொருள், அதையும் சொல்லுங்கள். மற்றப் பொம்மைகள் யாரிடம் போயின என்று அப்போது கேட்கலாம்.

அன்புடன்.